டிப்ளமா படித்துவிட்டுப் படுக்கை விரிக்கவா?

"அன்புள்ள ஐயா, எனக்கு வயது 26. பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஹோட்டல் நிர்வாகம் படித்தேன். ஆர்ச்சர்ட் பக்கம் 400 அறைகள் கொண்ட ஒரு ஹோட்டலில் மூன்றரை ஆண்டாக ஃப்ரண்ட் டெஸ்க்கில், அதாவது வரவேற்பு முகப்பில், இருக்கிறேன். போன வாரம் மேலாளர் கூப்பிட்டு, அறைகளைச் சுத்தம் செய்யும் ஹவுஸ்கீப்பிங் பிரிவுக்கு சூப்பர்வைசராகப் போக விருப்பமா என்று கேட்டார். அடிப்படைச் சம்பளம் 2,500 வெள்ளியிலிருந்து 2,850 ஆகுமாம். வீட்டில் சொன்னதும் அம்மா, 'டிப்ளமா படித்துவிட்டுப் படுக்கை விரிக்கப் போகிறாயா? மாப்பிள்ளை வீட்டில் கேட்டால் நான் என்ன சொல்வது?' என்கிறார். தோழி ஒருத்தி வங்கியின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு வரச் சொல்கிறாள். அங்கே 3,000 வெள்ளி, இரவு வேலை கிடையாது. எனக்கு ஹோட்டல் வேலை பிடித்திருக்கிறது. ஆனால் இதிலேயே 20, 30 ஆண்டு தாக்குப்பிடிக்க முடியுமா? வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்." – வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

உங்கள் அம்மா கேட்டதை என் அப்பா 1990-லேயே கேட்டுவிட்டார், இன்னும் கொஞ்சம் காரமாக. தேசிய சேவை முடிந்து இரண்டு மாதம் சும்மா சுற்றிக்கொண்டிருந்தவன், ஒரு ஹோட்டலில் ரூம் பாயாகச் சேர்ந்துவிட்டு வந்து வீட்டில் சொன்னேன். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். "அடுத்தவன் கக்கூசைக் கழுவவா உன்னைப் படிக்க வைத்தேன்?" என்றார். மூன்று வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் 33 ஆண்டு இதே துறையில் இருந்தேன். கடைசிப் பத்து ஆண்டு அறைப் பிரிவு முழுவதும் என் பொறுப்பில் இருந்தது. இப்போது வாரத்தில் இரண்டு நாள் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ஆகவே என் தராசு ஹோட்டல் பக்கம் கொஞ்சம் சாய்ந்தே இருக்கும். அதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சுருக்கமாகக் கேட்டால், போங்கள். ஆனால் 2,850 வெள்ளிக்குப் போகாதீர்கள்.

வெள்ளிக்கிழமை நெருங்குவதால் முதலில் பணத்தைப் பேசிவிடுவோம். நம் வேலை நியமனச் சட்டத்தில் வேலை நேரம், மிகைநேர ஊதியம் ஆகியவற்றைக் காக்கும் பகுதி எல்லாருக்கும் பொருந்தாது. உடலுழைப்புத் தொழிலாளர் என்றால் மாத அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளி வரை, மற்ற ஊழியர் என்றால் 2,600 வெள்ளி வரை. அதற்கு மேல் போனால் அந்தப் பகுதி உங்களுக்கு இல்லை. இன்றைக்கு 2,500 வெள்ளியில் இருக்கும் நீங்கள் கோட்டுக்கு உள்ளே இருக்கிறீர்கள். உங்கள் ஒரு மணி நேர அடிப்படைக் கூலியைக் கணக்கிட 2,500-ஐ 12-ஆல் பெருக்கி, 52 வாரம், வாரம் 44 மணி நேரம் என்று வகுக்க வேண்டும். 13 வெள்ளி 11 காசு வரும். மிகைநேரத்துக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 19 வெள்ளி 67 காசு. ஃப்ரண்ட் டெஸ்க்கில் மாதம் 20 மணி நேரம் 'ஓடி', அதாவது மிகைநேர வேலை, செய்வது பெரிய விஷயமில்லை. ஆள் வராத ஒரு வாரம் போதும். அப்படிச் செய்தால் 393 வெள்ளி சேர்ந்து 2,893 கைக்கு வருகிறது.

இப்போது பாருங்கள். சூப்பர்வைசர் வேலையில் உடலுழைப்பு பாதிகூட இல்லை என்று ஹோட்டல் கணக்கு வைத்தால், 2,850 என்பது கோட்டைத் தாண்டிய சம்பளம். சட்டப்படி ஓடி கொடுக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இராது. அதே 20 மணி நேரத்தைச் செய்துவிட்டு 43 வெள்ளி குறைவாக வாங்குவீர்கள். பதவி உயர்வு என்று பெயர், சம்பளக் குறைப்பு என்று விளைவு. மேலாளர் இதை வேண்டுமென்றே செய்கிறார் என்று நான் சொல்லவில்லை. பாதிப் பேருக்கு இந்தக் கணக்கே தெரியாது. உங்கள் ஹோட்டலில் தொழிற்சங்கம் இருந்தால், கூட்டு ஒப்பந்தத்தில் சூப்பர்வைசர்களுக்கும் ஓடி உண்டா என்று முதலில் பாருங்கள். உண்டு என்றால் 2,850 பரவாயில்லை. இல்லை என்றால் 3,200 கேளுங்கள், அல்லது மிகை நேரத்துக்கு மாற்று விடுப்பு என்று கடிதத்தில் எழுதி வாங்குங்கள். இரவு வேலைக்கு இப்போது வாங்கும் படி நின்றுவிடும் என்பதையும் கணக்கில் சேருங்கள். ரசீதில் போடும் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் ஊழியருக்கு வந்துவிடும் என்று யாராவது சொன்னால், எந்தச் சட்டமும் அப்படிச் சொல்லவில்லை என்று நினைவில் வையுங்கள். உங்கள் ஹோட்டல் பகிர்ந்து கொடுக்கிறதா, புதிய பதவிக்கு எவ்வளவு என்று நேராகவே கேட்டுவிடலாம்.

சரி, பணம் போகட்டும். ஏன் போகச் சொல்கிறேன்?

நான் சேர்ந்த புதிதில் எனக்கு வேலை கற்றுக் கொடுத்தவர் ஒரு ஹொக்கியன் அம்மா. எல்லாரும் அவரை 'ஆ சோ' என்றுதான் கூப்பிடுவோம். மலாயும் ஹொக்கியனும் கலந்த அவர் பேச்சு முதல் மாதம் எனக்குப் பாதிதான் புரிந்தது. ஒரு நாள் நான் சுத்தம் செய்து முடித்த அறையைப் பார்க்க வந்தார். கதவைத் திறந்தவர் உள்ளே வரவில்லை. விளக்கைப் போட என் கை போனது. தட்டிவிட்டார். இருட்டில் அப்படியே நின்று மூச்சை இழுத்தார். "ஹிடோங் டூலு" என்றார். முதலில் மூக்கு. குளிரூட்டியின் ஈர வாடை, முன்னால் தங்கியவர் ஒளித்து வைத்துத் தின்ற டுரியான், கழிவறைக் குழாயிலிருந்து வரும் நாற்றம் எல்லாம் விளக்கைப் போட்டதும் மறைந்துவிடும், கண் வேலை செய்ய ஆரம்பித்ததும் மூக்கு படுத்துவிடும் என்பது அவர் கட்சி. அப்புறம் கட்டிலின் ஓரத்தில் விருந்தினர் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொன்னார். நின்றபடி துடைத்தபோது கண்ணில் படாத தூசி, டிவி மேசைக்கு அடியில் ஒரு விரல் கனத்துக்குக் கிடந்தது. கழிவறையில் மூடியின் மேல் உட்கார்ந்து கதவை மூடினார். கதவின் உள்பக்கத்தில், உட்கார்ந்தால் முகத்துக்கு நேரே வரும் இடத்தில், ஒரு நீளமான தலைமுடி ஒட்டியிருந்தது. கெண்டியின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார், பாதுகாப்புப் பெட்டியைத் திறந்து பார்த்தார், தொலைபேசியை எடுத்து வாய் படும் இடத்தை முகர்ந்தார். இரண்டு நிமிடம்கூட ஆகியிராது. ஏழு தவறு.

இன்றைக்கும் எந்த ஊர் ஹோட்டலுக்குப் போனாலும் விளக்கைப் போடுவதற்கு முன் ஒரு கணம் நிற்கிறேன். என் மனைவிக்கு இது பெரிய தொல்லை.

இதில் உங்களுக்கு என்ன என்றால், ஃப்ரண்ட் டெஸ்க்கில் மூன்றரை ஆண்டு நின்ற நீங்கள் அறையை ஒரு எண்ணாகப் பார்த்துப் பழகியிருப்பீர்கள். 1214 தயார், 1215 தயாரில்லை. பிற்பகல் 3 மணிக்கு வரிசையில் நிற்கும் விருந்தினர் உங்கள் முகத்தைப் பார்ப்பார், நீங்கள் திரையைப் பார்ப்பீர்கள், ஹவுஸ்கீப்பிங்கைத் தொலைபேசியில் திட்டுவீர்கள். அந்த 1215 ஏன் இன்னும் தயாராகவில்லை என்பது உங்களுக்குத் தெரியாது. முந்தின விருந்தினர் 12 மணிக்குப் பதில் 2 மணிக்குக் கிளம்பியிருப்பார், துவைத்த விரிப்பு இன்னும் மேலே வந்து சேர்ந்திருக்காது, அந்த மாடியைச் சுத்தம் செய்யும் ஆன்ட்டிக்கு அன்று வழக்கத்தைவிட இரண்டு அறை கூடுதலாகப் போட்டிருப்பார்கள். முகப்பு, முதுகு என்று ஹோட்டலுக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் மட்டும் தெரிந்தவர்கள் ஓர் உயரம் வரை வந்து அங்கேயே நின்றுவிடுவதைத்தான் இத்தனை ஆண்டில் பார்த்தேன். அறைப் பிரிவுத் தலைவர் பதவி என்பது ஃப்ரண்ட் ஆபிஸ், ஹவுஸ்கீப்பிங் இரண்டையும் சேர்த்து ஆள்வது. பொது மேலாளர் நாற்காலிக்கு அடுத்த படிகளில் ஒன்று அது. ஃப்ரண்ட் ஆபிஸிலிருந்து அதற்குப் போட்டி போடுபவர்கள் நிறையப் பேர். இரண்டு பக்கமும் வேலை பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

பணம் எங்கே பிறக்கிறது என்பதும் அங்கேதான் தெரியும். தேக்கா சந்தையில் வாழைப்பழம் விற்பவர்கூட இன்று விற்காததை நாளை பாதி விலைக்காவது தள்ளிவிடலாம். நேற்றிரவு விற்காத அறையை இன்று யாருக்கும் விற்க முடியாது. அதனால்தான் எங்கள் துறையில் எல்லாரும் 'ரெவ்பார்' என்று ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம். நூறு அறையில் எண்பது நிரம்பி, அறைக்குச் சராசரி 250 வெள்ளி கிடைத்தால் ரெவ்பார் 200. காலி அறைகளையும் சேர்த்துப் பங்கு போட்ட வருமானம், அவ்வளவுதான். இதைக் கல்லூரியில் படித்திருப்பீர்கள். படித்ததற்கும் பட்டதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்கிறேன்.

ஒரு ஹோட்டலில், பெயர் வேண்டாம், நான் சூப்பர்வைசராக இருந்தபோது 12வது மாடியில் ஓர் அறையில் குளிரூட்டி ஒழுகியது. 'அவுட் ஆஃப் ஆர்டர்' என்று கணினியில் போட்டேன். பழுதுபார்ப்பவர்கள் மறுநாளே சரிசெய்துவிட்டுத் தாளில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தாளை என் சட்டைப்பையில் வைத்தேன். சட்டை சலவைக்குப் போனது. கணினியில் அறை பழுதாகவே கிடந்தது, 19 நாள். அந்த 19 நாளில் ஃபார்முலா ஒன் கார்ப் பந்தய வாரமும் வந்தது. 2008-ல் அந்தப் பந்தயம் இங்கே வந்ததிலிருந்து அந்த வாரத்தில் அறை விலை எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். கீழே உங்களைப் போன்ற ஒரு பெண் அறை இல்லை, அறை இல்லை என்று ஆட்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறாள். மேலே ஓர் அறை விரித்த படுக்கையோடு பளபளவென்று காலியாகக் கிடக்கிறது. கண்டுபிடித்தவர் இரவுக் கணக்கு முடிப்பவர். அவர் என்னைத் திட்டவில்லை. ஒரு சின்னத் தாளில் 19 என்று எழுதி, பக்கத்தில் தொகையை எழுதி, என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து தினமும் காலையில் பழுது அறைப் பட்டியலை நானே நடந்து போய்ப் பார்த்தேன். பின்னாளில் எனக்கு அறைப் பிரிவைக் கொடுத்ததற்கு அந்தக் காலை நடையும் ஒரு காரணம் என்று என் மேலாளரே சொன்னார்.

ஹவுஸ்கீப்பிங்கில் உங்களுக்கு இன்னொரு பலம் இருக்கிறது. உங்களுக்கே அது தோன்றியிருக்காது. தமிழ். 2023 செப்டம்பர் முதல் ஹோட்டல் அறைத் துப்புரவுக்கும் சுமை தூக்கும் வேலைக்கும் இந்தியா, இலங்கை, பங்ளாதேஷ், மியன்மார், தாய்லாந்து, பிலிப்பீன்ஸ் நாட்டவர்களை வேலை அனுமதியில் எடுக்க மனிதவள அமைச்சு இடம் கொடுத்திருக்கிறது. நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 2,000 வெள்ளி தர வேண்டும் என்பது நிபந்தனை. அதனால் ட்ராலி தள்ளும் கைகளில் இன்று தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஊரில் அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளும் சூப்பர்வைசர் அவர்களுக்குக் கிடைத்தால் எந்த ஹோட்டலுக்கும் லாபம்தான். ஆனால் நம்ம ஆள் என்று அவர்களுக்கு மட்டும் சுலபமான மாடியைக் கொடுத்துவிடாதீர்கள். ஆன்ட்டிகளுக்கு ஒரே நாளில் தெரிந்துவிடும்.

ஆன்ட்டிகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் கீழ் வேலை செய்யப் போகிறவர்களில் பலருக்கு உங்கள் அம்மா வயது, சிலருக்குப் பாட்டி வயது. ஆன்ட்டி, மக்சிக், அண்ணே என்று கூப்பிடுங்கள், பெயரைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள். குறையை அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லுங்கள், நடைபாதையில் சொல்லாதீர்கள். முதல் வாரம் தினமும் யாராவது ஒருவருடன் ஒரு படுக்கையைச் சேர்ந்து விரியுங்கள். மூலையை மடித்துச் செருகும்போது உங்கள் மடிப்பு தளர்ந்து போகும், அவர் சிரிப்பார், அவிழ்த்துத் திரும்ப மடித்துக் காட்டுவார். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவர் உங்களிடம் பொய் சொல்ல மாட்டார். டிப்ளமாவைப் பற்றி யாரிடமும் வாய் திறக்காதீர்கள். எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். அவர் மேல் எனக்கு வருத்தமே இல்லை. நம் பெரியவர்கள் காதில் 'ஓட்டல்' என்றால் சாப்பாட்டுக் கடை. சிராங்கூன் சாலையில் 1947-லிருந்து இருக்கும் கோமள விலாஸ் அவர்களுக்கு ஓட்டல். அங்கே வேலை என்றால் இலை எடுப்பது, மேசை துடைப்பது. பெண் பிள்ளை 400 அறை, பல கோடி வெள்ளிச் சொத்து, நாற்பது ஐம்பது ஆட்கள் என்று நிர்வாகம் செய்யப் போகிறாள் என்று அந்தச் சொல் அவருக்குச் சொல்லவில்லை. முதலில் அவரிடம் வேலை நேரத்தைச் சொல்லுங்கள். ஹவுஸ்கீப்பிங்கில் பெரும்பகுதி வேலை பகலில்தான் நடக்கிறது. காலை ஏழு, எட்டு மணிக்குப் போனால் மாலையில் வீடு. பிற்பகல் ஷிஃப்ட் சில நாள் வரும். ஃப்ரண்ட் டெஸ்க்கில் நடு இரவில் தனியாக நிற்கும் இப்போதைய வேலையைவிட இது அம்மாக்களுக்குப் பிடித்த வேலை. இதை நீங்கள் அவரிடம் சொல்லவே இல்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது.

அப்புறம், அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். என் அப்பா நான் துணை மேலாளரான பிறகு ஒரு முறை ஹோட்டலுக்கு வந்தார், வீட்டுச் சாவி கொடுக்க. முன்வாசலில் கதவு திறக்கும் ஆள் சல்யூட் வைப்பார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "எனக்கு எதுக்கு அதெல்லாம்" என்று சுற்றிப் பின்னால் லாரி சரக்கு இறக்கும் இடத்தில் வந்து நின்றார். நான் அவரை அந்த வழியாகவே உள்ளே அழைத்துப்போனேன். ஊழியர் உணவகத்தில் மீன் குழம்போடு சோறு சாப்பிட்டார். சீருடைகள் வரிசையாகத் தொங்கும் அறையைப் பார்த்தார். சலவைப் பிரிவில் விரிப்பை இழுத்து, தேய்த்து, மடித்துத் தள்ளும் இயந்திரத்தின் முன்னால் போய் நின்றவர் நகரவில்லை. பத்து நிமிடமாவது இருக்கும். வெளியே வந்ததும் துறைமுக ஆள் பேச்சில், "மூட்டையெல்லாம் ஒழுங்கா அடுக்கியிருக்கானுங்க" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. கக்கூஸ் பேச்சு அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வரவில்லை. உங்கள் அம்மாவுக்கு எந்த இடம் பிடிக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும். லாபியில் தேநீர் வாங்கிக் கொடுத்து முடித்துவிடாமல் பின்பக்கத்தைக் காட்ட அனுமதி கேளுங்கள். மாப்பிள்ளை வீட்டைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை. தீபாவளிக்கு மருமகள் வீட்டில் இருப்பாளா என்று கேட்டால், இதை எழுதும் ஐயா சீனப் புத்தாண்டில் உழைத்துத் தீபாவளிக்கு விடுப்பு வாங்கியே 33 ஆண்டை ஓட்டினார் என்று சொல்லுங்கள். முன்கூட்டியே ரோஸ்டரில், அதாவது வேலை நாள் பட்டியலில், பேசி வைத்தால் நடக்கும்.

20, 30 ஆண்டு தாக்குப்பிடிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். துறை தாக்குப்பிடிக்கும், ஆனால் அடி வாங்கும். 2019-ல் இந்தத் தீவுக்கு வந்த பயணிகள் 1 கோடியே 91 லட்சம் பேர். 2020-ல் அது 27 லட்சம், 2021-ல் 3 லட்சத்து 30 ஆயிரம். 2024-ல் திரும்ப 1 கோடியே 65 லட்சத்துக்கு ஏறிவிட்டது. அந்த மோசமான இரண்டு ஆண்டில் எங்கள் ஹோட்டல், வெளிநாட்டிலிருந்து வந்தவர்களைத் தனிமைப்படுத்தித் தங்க வைக்கும் இடமாக மாறியது. சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கதவுக்கு வெளியே நாற்காலியில் வைத்து, மணியடித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். கண்ணாடிக் கோப்பை துடைத்த ஆள், கல்யாண மண்டபம் பார்த்த ஆள் எல்லாரும் பொட்டலம் தூக்கினோம். யாரை வைத்துக்கொள்வது, யாரைச் சம்பளமில்லா விடுப்பில் அனுப்புவது என்ற பட்டியல் போடும் அறையில் நானும் உட்கார்ந்திருந்தேன். மறக்க முடியாத மத்தியானம் அது. பெயருக்கு நேரே முதலில் பார்த்தது, இந்த ஆளுக்கு இன்னொரு பிரிவின் வேலை தெரியுமா என்பதைத்தான். அடுத்த அடி எப்போது வரும், எந்த உருவத்தில் வரும் என்று யாருக்கும் தெரியாது. வரும்போது உங்கள் பெயருக்கு நேரே இரண்டு பிரிவு எழுதியிருக்கட்டும்.

நீண்ட காலம் இருப்பவர்கள் எல்லாரும் பொது மேலாளர் ஆகிவிடுவதில்லை, ஆகவும் வேண்டாம். கோட்டுக் காலரில் குறுக்கே வைத்த இரண்டு தங்கச் சாவிகளோடு நிற்கும் கான்சியர்ஜ்களை, விருந்தினர் கேட்கும் உதவியைச் செய்து தருபவர்களை, பார்த்திருப்பீர்கள். அது உலக அளவில் மதிக்கும் சங்கத்தின் சின்னம். அதை வாங்கியவர்கள் மேலாளர் நாற்காலிக்குக் கை நீட்டுவதில்லை. 1887-ல் திறந்த ராஃபிள்ஸ் ஹோட்டலில் 1972-ல் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்தவர் லெஸ்லி டாங்கர். பின்னாளில் அந்த ஹோட்டலின் வரலாற்றைச் சொல்பவர் என்றே ஒரு பதவி அவருக்கு அமைந்தது. சேரும்போது அப்படி ஒரு பதவி இருந்தே இருக்காது. சிலர் கொள்முதலுக்குப் போகிறார்கள், சிலர் அறை விலை நிர்ணயிக்கும் பிரிவுக்கு, சிலர் மருத்துவமனைகளின் நோயாளி சேவைக்கு. ஹவுஸ்கீப்பிங் தெரிந்தவர்களை மருத்துவமனைகள் விரும்பி எடுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

வங்கி வேலை தவறான வேலை இல்லை. இரவு ஷிஃப்ட்டால் உங்களுக்குத் தூக்கமே போய்விட்டது, விடுமுறை நாளிலும் கண்ணை மூட முடியவில்லை, காரணமில்லாமல் எரிச்சல் வருகிறது, இது மூன்று நான்கு மாதமாகத் தொடர்கிறது என்றால், யோசிக்காமல் போய்விடுங்கள். என்னோடு சேர்ந்த ஒருவன் அப்படித்தான் போனான், இன்று நன்றாக இருக்கிறான். ஆனால் உங்கள் கடிதத்தில் தூக்கத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அம்மாவின் பேச்சும் 150 வெள்ளியும்தான் இருக்கின்றன. அங்கே போனாலும் கோபமாக இருக்கும் ஒருவரைச் சமாதானப்படுத்துவதுதான் வேலை. முகத்தைப் பார்க்காமல் செய்ய வேண்டும், அதுதான் வித்தியாசம். சூப்பர்வைசராக இரண்டு ஆண்டு ஆட்களை வைத்து வேலை வாங்கியவர் என்று பெயர் எடுத்துவிட்டுப் போனால், அங்கேயும் தொலைபேசி எடுக்கும் இடத்தில் உட்கார வேண்டியிருக்காது.

மேற்படிப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு வார்த்தை. இப்போதே பட்டப்படிப்புக்கு ஓட வேண்டாம். இரண்டு ஆண்டு இந்த வேலையைப் பாருங்கள். அப்புறம் சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகத்தின் விருந்தோம்பல் பட்டப்படிப்பைப் பற்றி யோசிக்கலாம். அப்போது வகுப்பில் ஆசிரியர் சொல்வது உங்களுக்கு வேறு மாதிரி காதில் விழும். 25 வயதானபோது, பயிற்சி வகுப்புகளுக்காக அரசாங்கம் பணம் போடும் உங்கள் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் 500 வெள்ளி விழுந்திருக்கும், எடுத்துப் பாருங்கள். பூங்கொத்து அலங்காரம், காப்பி போடுவது என்று செலவழித்துவிடாமல் அறை விலை நிர்ணயம் பற்றிய குறுகிய வகுப்புக்குச் செலவழியுங்கள். ஹோட்டல் சங்கம் 1983-ல் தொடங்கிய பயிற்சிப் பள்ளியான ஷாடெக் போன்ற இடங்களில் விசாரித்துப் பார்க்கலாம். எக்செல் நன்றாக வர வேண்டும். மாண்டரின் பேச வராவிட்டாலும், ஆன்ட்டி உங்களைப் பற்றிப் புகார் சொல்கிறாரா, முதுகுவலி என்கிறாரா என்று புரிகிற அளவுக்காவது வேண்டும்.

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் ஒரு நாள் லீவு போட்டு, அல்லது ஓய்வு நாளில், ஹவுஸ்கீப்பிங் பிரிவின் தலைவரான எக்ஸிகியூட்டிவ் ஹவுஸ்கீப்பரைப் போய்ப் பாருங்கள். காலை ஆட்களுக்கு மாடி பிரித்துக் கொடுக்கும் நேரத்தில் ஓரமாக நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். அவர் ஆட்களிடம் எப்படிப் பேசுகிறார் என்பதைக் கவனியுங்கள். யாருக்குக் கீழே கற்றுக்கொள்ளப் போகிறோம் என்பதைச் சம்பளத்தைவிட முக்கியமாக நான் நினைக்கிறேன். கத்துகிற ஆள் என்றால், மேலே எழுதியது எல்லாவற்றையும் மறந்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நல்லவர் என்றால் மேலாளரிடம் மூன்று விஷயம் பேசுங்கள். ஓடி கணக்கு. இரண்டு ஆண்டில் ஃப்ரண்ட் ஆபிஸுக்கு உதவி மேலாளராகத் திரும்பி வர வழி உண்டா. இடையில் ஒரு மாதம் இரவுக் கணக்குப் பிரிவில் உட்கார விடுவார்களா. கடைசியாகக் கேட்பதற்கு அவர் புருவத்தை உயர்த்துவார், பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அந்த 20 மணி நேரக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்திருங்கள், மனப்பாடமாகச் சொன்னால் படபடப்பில் எண் மாறிவிடும்.

சரி என்று முடிவானால், முகப்பில் போட்டு நிற்கும் குதிகால் உயர்ந்த ஷூவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ரப்பர் அடி உள்ளதாக, கால் அளவைவிட அரை அளவு பெரியதாக ஒன்று வாங்குங்கள். மாலையில் போய் வாங்குங்கள், அப்போதுதான் கால் வீங்கியிருக்கும்.